வெப் அப்ளிகேஷன் வேகச் சோதனை: எதற்கு எந்தக் கருவி? கேள்வி பதில்

கே: சர்வருக்கு ஒரே நேரத்துல நிறைய ரிக்வெஸ்ட் அனுப்பிச் சோதிக்க (லோட் டெஸ்ட்) ஜேமீட்டர், கே6, லோகஸ்ட் மூணுல எதை எடுக்கலாம்? டீம்ல எல்லாருக்கும் பைத்தான்தான் தெரியும்.

ப: லோகஸ்ட், அதன் ஸ்கிரிப்ட் பைத்தான்தான். நாளைக்கு ஸ்கிரிப்டைத் திருத்தப் போவது நீங்கள்தானே. ஒன்று மட்டும் கவனம்: ஒரு லோகஸ்ட் ப்ராசஸ் ஒரு சிபியு கோருக்கு மேல் போகாது, கோருக்கு ஒரு ஒர்க்கர் ஓட்டுங்கள். டேட்டாபேஸ், மெசேஜ் க்யூ என்று நேரடியாகத் தாக்க வேண்டியிருந்தால் ஜேமீட்டர்.

கே: ஜேமீட்டர்ல 200 யூசர் போட்டா ஒண்ணும் ஆகல சார். லைவ்ல மட்டும் சர்வர் விழுது.

ப: 200 த்ரெட்டும் (ஒரு யூசருக்கு ஒன்று) பதில் வந்த பிறகுதான் அடுத்த ரிக்வெஸ்ட்டை அனுப்பும். கணக்குப் போடுங்கள். பதில் 0.2 நொடி, இடைவெளி 1 நொடி என்றால் 200 ÷ 1.2, நொடிக்குச் சுமார் 167 ரிக்வெஸ்ட். சர்வர் திணறி 3 நொடி எடுத்தால் 200 ÷ 4, வெறும் 50. சர்வர் தடுமாறும்போது உங்கள் டெஸ்ட் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறது! லைவ்வில் வருகிறவர்கள் அப்படிக் காத்திருப்பதில்லை, வந்துகொண்டே இருப்பார்கள்.

அதற்கு நொடிக்கு இத்தனை என்று வரவை நிலையாக வைக்கும் முறை வேண்டும். கே6-இல் நிலையான வரவு வீத எக்ஸிக்யூட்டர் இருக்கிறது. நொடிக்கு 150 ரிக்வெஸ்ட், மோசமான பதில் 3 நொடி என்றால் 450 யூசராவது கைவசம் வேண்டும். உச்ச வரம்பை 600 வையுங்கள். ஸ்கிரிப்டின் கடைசியில் ஸ்லீப் போடாதீர்கள். ரிசல்ட்டில் விடுபட்ட இட்டரேஷன் (ஓட்டாமல் விட்ட சுற்று) எண்ணிக்கை ஏறினால் யூசர் போதவில்லை என்று பொருள்.

ஜேமீட்டரிலேயே இருப்பதென்றால் ஜியுஐ (திரை விண்டோ) இல்லாமல் ஓட்டுங்கள். ஒவ்வொரு பதிலையும் காட்டும் ரிசல்ட் ட்ரீ லிசனரைத் திறந்து வைத்தால் 1 ஜிபி ஹீப் (ஜேமீட்டருக்கு ஒதுக்கிய மெமரி) சீக்கிரம் நிரம்பி ஜேமீட்டரே மெதுவாகிவிடும். பழி சர்வர் மேல் விழும்.

கே: சராசரி 0.3 நொடிதான் காட்டுது. ஆனா கம்ப்ளெய்ன்ட் நிக்கல.

ப: 95 ரிக்வெஸ்ட் 0.1 நொடி, 5 ரிக்வெஸ்ட் 4 நொடி. சராசரி 0.295. அந்த ஐந்து பேர்தான் போன் செய்கிறார்கள். 95, 99-ஆம் பெர்சன்டைல் பாருங்கள், அதாவது 95% அல்லது 99% ரிக்வெஸ்ட் எத்தனை நொடிக்குள் முடிந்தது என்று.

கே: அண்ணா, ஜாங்கோ (பைத்தான் வெப் ஃப்ரேம்ஒர்க்) ஆப் ஸ்லோ, ஆனா சிபியு 20% தான். பைத்தான் ப்ரொஃபைலர் பை-ஸ்பைல (கோடு எங்க நேரம் செலவழிக்குதுன்னு காட்டுறது) ஒண்ணும் பெருசா தெரியல.

ப: தெரியாதுதான். சிபியு சும்மா இருக்கிறதென்றால் கோடு எதற்கோ காத்திருக்கிறது; பை-ஸ்பை காத்திருக்கும் த்ரெட்டை வழக்கமாக விட்டுவிடும். ஐடில் ஆப்ஷனைச் சேர்த்து எடுங்கள். டாக்கருக்குள் பெர்மிஷன் எர்ரர் வந்தால் கன்டெய்னருக்கு பிட்ரேஸ் (இன்னொரு ப்ராசஸை எட்டிப் பார்க்கும்) அனுமதி கொடுக்க வேண்டும். பை-ஸ்பை தரும் ஃப்ளேம் கிராஃப் படத்தில் பட்டையின் அகலம் என்பது எத்தனை சாம்பிளில் அந்த ஃபங்ஷன் வந்தது என்பது. இடமிருந்து வலம் நேரம் ஓடுவதாகப் படிக்காதீர்கள்.

அகலமான பட்டை டேட்டாபேஸ் டிரைவரில் போய் முடிந்தால் ப்ரொஃபைலரை மூடிவிட்டு போஸ்ட்கிரஸின் ஸ்டேட்மென்ட் புள்ளிவிவர எக்ஸ்டென்ஷனைப் பாருங்கள். 2 மில்லிநொடி குவெரிதானே என்று தள்ளாமல் எத்தனை முறை ஓடியது என்று பாருங்கள். 50 ஆர்டர் காட்டும் பக்கம் ஒவ்வொன்றுக்கும் கஸ்டமரைத் தனியாகக் கேட்டால் 51 குவெரி, 100 மில்லிநொடிக்கு மேல் போச்சு. ஜாங்கோவின் செலக்ட் ரிலேட்டட் (தொடர்புள்ள டேபிளைச் சேர்த்தே எடுப்பது) போட்டால் ஒன்றாகிவிடும்.

கே: எக்ஸ்டிபக் (பிஎச்பி டீபக்கர்) ஆன்ல வச்சு லோட் டெஸ்ட் பண்ணலாமா?

ப: வேண்டாம். அதன் பாரமே டைமிங்கைக் கெடுத்துவிடும்.

கே: குரோமோட பக்கச் சோதனைக் கருவி லைட்ஹவுஸ்ல 95 வருது, ஐஎன்பி (கிளிக் பண்ணா பக்கம் பதில் காட்ட ஆகுற நேரம்) மட்டும் மோசம்னு கூகுள் சர்ச் கன்சோல் சொல்லுது.

ப: லைட்ஹவுஸ் பக்கத்தை ஏற்றிப் பார்க்கும், யாரும் கிளிக் செய்வதில்லை, ஐஎன்பி எங்கிருந்து வரும்? எல்லை 200 மில்லிநொடி, அதுவும் நிஜப் பயனர்களின் 75-ஆம் பெர்சன்டைலில். குரோம் டெவ்டூல்ஸ் பெர்ஃபார்மன்ஸ் டேபில் சிபியுவை 4 மடங்கு மெதுவாக்கி, ரெக்கார்ட் போட்டு, மெனுவை நீங்களே தட்டிப் பாருங்கள். சிவப்பு முனையோடு நிற்கும் நீளமான டாஸ்க்கில்தான் விஷயம் இருக்கும்.