தாயில்லாத காட்டு முயல் குட்டிகளுக்குப் பசும்பால் கொடுக்கலாமா? அவற்றை எப்படிக் காப்பாற்றுவது?

பாலக்கோட்டுப் பக்கம் நிலக்கடலைக் கொல்லையைச் சுத்தம் செய்தபோது நேற்று மதியம் இரண்டு முயல் குட்டிகள் கிடைத்ததாகவும், சுற்றிலும் தாயைக் காணாததால் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டதாகவும் எழுதி, பசும்பால் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பசும்பால் வேண்டாம். அதைவிட முக்கியமாக, அவை தாயில்லாத குட்டிகள் என்ற முடிவுக்கு இப்போதே வந்துவிட வேண்டாம்.

தேன்கனிக்கோட்டைக்கு அருகில் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் கேழ்வரகு அறுவடையின்போது, தாளுக்கு நடுவே உள்ளங்கையளவு பள்ளத்தில் இரண்டு குட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்திருந்தன. கதிர் அறுக்க வந்திருந்த ஆயா ஒருவர், “எடுக்காத கண்ணு, அதோட ஆத்தா பகல்ல பக்கத்துலயே வராது, பொழுது சாஞ்சாத்தான் வரும்” என்று சொன்னார். நான் கேட்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, குழந்தைக்குப் புகட்டும் சங்கில் பசும்பாலை எடுத்து, ஒரு குட்டியை மல்லாக்கப் பிடித்துக்கொண்டு வாயில் ஊற்றினேன். இரண்டாவது மடக்கிலேயே பால் மூக்கு வழியாகக் குமிழிட்டு வந்தது. அது தும்மியதை, பால் வேண்டாம் என்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் பால் நுரையீரலுக்குள் போயிருந்தது. விடிவதற்குள் அது இறந்துவிட்டது. மற்றொன்று ஆர்வமாகவே குடித்தது. ஆனால் மறுநாள் பேதி கண்டு, வயிறு உப்பி, மூன்றாம் நாள் காலையில் காதுகள் சில்லிட்டுப் போய்க் கிடந்தது. இரண்டையும் கொன்றது என்னுடைய இரக்கம்தான் என்பதைப் பிறகு ஒரு கால்நடை மருத்துவர் விளக்கியபோதுதான் புரிந்துகொண்டேன்.

நம் ஊரில் காட்டில் திரிவது கருங்கழுத்து முயல். கடைகளில் விற்கும் வெள்ளை முயல் வேறு இனம். அதன் குட்டிகள் வளைக்குள் மயிரில்லாமல், கண் திறக்காமல் பிறப்பவை. காணொளிகளில் பெரும்பாலும் காட்டப்படுவது அந்த வகைதான் என்பதால், அவற்றைப் பார்த்துவிட்டு நம் காட்டு முயலுக்கு வைத்தியம் செய்வது பொருந்தாது. கருங்கழுத்து முயல் வளை தோண்டுவதில்லை. புல்லிலோ பயிருக்கு இடையிலோ தரையில் ஒரு சிறு பள்ளத்தில்தான் ஈனும். குட்டிகள் முழு ரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறக்கும். தாய் பகலெல்லாம் அவற்றை விட்டு விலகியே இருக்கும், ஏனென்றால் அது அங்கேயே உட்கார்ந்திருந்தால் நரிக்கும் நாய்க்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். பொழுது சாய்ந்த பிறகு வந்து, சில நிமிடங்கள் மட்டும் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். ஒரு நாளைக்கு ஒரு முறை பால் குடித்தே குட்டிகள் தாக்குப்பிடிக்கும் அளவுக்கு அந்தப் பால் கெட்டியானது. பிறந்து சில நாட்களானதும் குட்டிகள் ஆளுக்கொரு மறைவிடத்தில் தனித்தனியாகப் பதுங்கத் தொடங்கும் என்பதால், ஒற்றைக் குட்டியாகக் கிடைப்பதும் அநாதை என்பதற்கு அடையாளமில்லை. ஆள் வந்தும் ஓடாமல், காதை முதுகோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடப்பதும் நோயன்று. அதற்குத் தெரிந்த ஒரே தற்காப்பு அதுதான்.

மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்று சொல்வார்கள். அதை நம்பித்தான் பலர் தொட்ட குட்டியைத் திருப்பி வைக்கத் தயங்குகிறார்கள். கை பட்டது என்பதற்காகத் தாய் குட்டியைக் கைவிடுவதில்லை. மன நிம்மதிக்காக வேண்டுமானால், அந்த இடத்துப் புல்லைக் கையில் தேய்த்துக்கொண்டு தூக்குங்கள்.

எங்களுக்கு இரண்டாவது வாய்ப்பும் வந்தது. அவரைக் கொல்லையில் களை எடுத்தபோது அம்மா ஒரு குட்டியைக் கண்டு என்னை அழைத்தார். மண்வெட்டி படாதபடி நாலடி தள்ளி, வரப்போரப் புல்லில் அதை வைத்துவிட்டு, சுற்றிலும் அடுப்புச் சாம்பலை மெல்லியதாகத் தூவி, நாயைக் கட்டிவைத்துவிட்டு வந்துவிட்டோம். காலையில் பார்த்தால் சாம்பலில் நீளமான பின்னங்கால் தடங்கள் இரண்டும், சிறிய முன்னங்கால் தடங்கள் இரண்டும் தெளிவாகப் பதிந்திருந்தன. குட்டியின் வயிறு உருண்டிருந்தது. அன்று நான் அடைந்த மகிழ்ச்சியைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

தாய் செத்துக் கிடப்பதைக் கண்ணால் பார்த்திருந்தாலோ, இரவு கடந்தும் குட்டியின் வயிறு ஒட்டிப்போய், பிடரித் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு உடனே படியாமல் நின்றாலோ, உடல் சில்லிட்டிருந்தாலோ, காயத்தில் ஈ மொய்த்தாலோ மட்டும் அதற்கு உதவி தேவை என்று கொள்ளுங்கள். அந்த உதவியின் முதல் படி வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்வது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இத்தகைய விலங்கு அரசின் உடைமை. அது உங்கள் கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ வனத்துறையின் அதிகாரம் பெற்ற அலுவலருக்கோ தெரிவிக்க வேண்டும். வீட்டில் வைத்து வளர்ப்பது குற்றம். முயல் வேட்டைக்கு அபராதம் கட்டியவர்கள் நம் பக்கத்தில் இருப்பதால், காப்பாற்ற எடுத்தவர்களும் பயந்து மறைக்கிறார்கள். மறைத்தால்தான் சந்தேகம் வரும்.

அவர்கள் வந்து வாங்கிக்கொள்ளும் வரை செய்ய வேண்டியது கொஞ்சமே. காற்றோட்டத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் பழைய பருத்தித் துணியும் காய்ந்த புல்லும் பரப்பி, இருட்டான, சத்தமில்லாத அறையில் வையுங்கள். மார்கழிக் குளிரில் வெதுவெதுப்பான நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வைத்தால், சூடு கூடினால் குட்டி தானே நகர்ந்துகொள்ளும். உடல் சில்லிட்டிருக்கும் குட்டிக்கு எதையும் புகட்டாதீர்கள், முதலில் சூடேற்றுங்கள். குளிர்ந்த வயிற்றில் பால் செரிக்காமல் நின்றுவிடும். பிள்ளைகள் கையில் கொடுத்துப் படம் எடுப்பதும், கொஞ்சுவதும், தொலைக்காட்சி ஓடும் கூடத்தில் வைப்பதும் கூடாது. முயல் அச்சத்தாலேயே இறந்துபோகக் கூடிய விலங்கு.

வனத்துறையினர் வரத் தாமதமானால் அவர்களையோ மருத்துவரையோ தொலைபேசியில் கேட்டுக்கொண்டு உணவு கொடுக்கலாம். பசும்பாலில் கொழுப்பு ஏறக்குறைய 4 விழுக்காடுதான். பால் சர்க்கரையோ 5 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். முயல் பாலில் கொழுப்பும் புரதமும் பல மடங்கு அதிகம், சர்க்கரை மிகக் குறைவு. பேதிக்குக் காரணம் இந்த வேறுபாடுதான். ஓசூர், தருமபுரி போன்ற ஊர்களின் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் பூனைக்குட்டிப் பால்பவுடர் ஓரளவு பொருந்தும். ஊசி நீக்கிய 1 மில்லி சிரிஞ்சில் எடுத்து, குட்டியை நான்கு காலில் நிற்கும் நிலையிலேயே பிடித்து, வாயோரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, அது விழுங்கிய பிறகே அடுத்த சொட்டை விட வேண்டும். எங்கள் மருத்துவர் சொன்ன கணக்கு, காலையும் மாலையும் இரண்டு வேளை, ஒரு வேளைக்கு உடல் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் போகாமல். அதாவது 100 கிராம் குட்டிக்கு 5 மில்லி. பசியோடு இருக்கிறதே என்று கூட்டிக் கொடுப்பதைவிடக் குறைத்துக் கொடுப்பது பாதுகாப்பு. நாயோ பூனையோ கடித்திருந்தால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். ஆடு மாடுகளையே அதிகம் பார்ப்பவராக இருந்தால் இது முயல் என்பதை அழுத்திச் சொல்லுங்கள், ஏனென்றால் நமக்குப் பழக்கமான அமாக்சிசிலின் போன்ற மருந்துகளை வாய்வழி கொடுத்தால் முயலின் குடல் நுண்ணுயிர்கள் கெட்டு உயிருக்கே ஆபத்தாகும்.

உங்கள் குட்டிகள் எடுத்து வந்து ஒரு நாள்தான் ஆகிறது; காயமில்லை, துள்ளுகின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். வனச்சரக அலுவலகத்துக்கு இப்போதே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, இன்று பொழுது சாய்வதற்குள் அவற்றை எடுத்த இடத்திலேயே, அல்லது அங்கே செடி எல்லாம் பறித்தாகிவிட்டது என்றால் பத்தடிக்குள் இருக்கும் வரப்போரப் புல்லிலோ கடலைக்கொடிக் குவியலின் நிழலிலோ வையுங்கள். நாயைக் கட்டிப்போடுங்கள். சாம்பல் தூவிவிட்டு, டார்ச் அடித்துப் பார்க்கப் போகாமல், காலையில் போய்ப் பாருங்கள்.