தம்பதிகள் மாலையில் சேர்ந்து நடக்க எந்த ஏரி நல்லது? வெறுமனே ஏரியைச் சுற்றி நடப்பதில் அப்படி என்ன இருக்கிறது?

உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிதான் என்னை எழுத வைத்தது. கல்யாணமாகி இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும், வீட்டில் "எங்கேயாவது போய் வரலாம்" என்று கேட்டிருப்பார்கள், நீங்கள் படகுக்கு எவ்வளவு, குதிரைக்கு எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

முதல் பாதிக்குப் பதில் கொடைக்கானல் ஏரி. ஊட்டிக்காரர்களும் ஏற்காட்டுக்காரர்களும் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஏரியைச் சுற்றி முழு வட்டமாக, தண்ணீரை ஒட்டியே தார் ரோட்டில் நடக்க முடிவது இங்கே. ஒரு சுற்று ஏறக்குறைய 5 கிலோமீட்டர். மெதுவாகப் பேசிக்கொண்டே நடந்தால் இரண்டு மணி நேரம் போதும். பெரிய ஏற்றமும் இல்லை.

இது இயற்கையாக உண்டான ஏரி இல்லை என்பது பலருக்குத் தெரியாது. 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்ச், சதுப்பாகக் கிடந்த பள்ளத்தில் ஓடைகளை மறித்துக் கரை போட்டு உண்டாக்கியது. முதல் படகு தூத்துக்குடியிலிருந்து மலையேறி வந்தது என்பார்கள். 60 ஏக்கர் இருக்கும். பள்ளங்களுக்குள் எல்லாம் தண்ணீர் ஏறி நின்றதால் ஏரி வட்டமாக இல்லை, விரல்களை விரித்து வைத்த கை மாதிரி இருக்கிறது. நட்சத்திர வடிவம் என்று எல்லோரும் எழுதுவார்கள். மேலே இருந்து பார்ப்பவர்களுக்கு அது நட்சத்திரம். நடப்பவர்களுக்கு விரல்தான். ரோடு ஒவ்வொரு விரலின் நுனி வரைக்கும் உள்ளே போய், வளைந்து, மறுபக்கமாகத் திரும்பி வரும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நான் சொல்லப்போவது இந்த வளைவில்தான் நடந்தது.

எனக்கு 1999-ல் கல்யாணம். போடியில் பிறந்தேன், வத்தலக்குண்டில் வாழ்க்கைப்பட்டேன். அவருக்கு வெற்றிலை மண்டி. கொடைக்கானல் மலைக்கு அடிவாரத்திலேயே குடியிருக்கிறோம், 55 கிலோமீட்டர்கூட இருக்காது. கல்யாணம் முடிந்த அடுத்த மே மாதம் தேனிலவு என்று கிளம்பினோம். அத்தை, மாமா, இரண்டு நாத்தனார், அவர்கள் பிள்ளைகள், கொழுந்தனார் என்று வேனில் பதினோரு பேர். புளியோதரை கட்டியது நான். தூண் பாறை, பிரையன்ட் பூங்கா, கோக்கர்ஸ் வாக் எல்லாம் பார்த்தோம். ஏரியில் படகில் ஏறியபோது ஆறு பேருக்குத்தான் இடம் இருந்தது, நான் கரையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மாமியார் நல்லவர், எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. இதை அவர்மேல் புகாராகப் படிக்க வேண்டாம். ஆனால் அந்த நாளை நான் மறக்கவும் இல்லை.

என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கே போனாலும் எனக்குப் பத்தடி முன்னால் நடப்பார். கோயிலுக்குப் போனாலும், சந்தைக்குப் போனாலும், பொண்ணுக்கு மொட்டை போடப் போனபோதும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் பாதி ஆண்கள் அப்படித்தான் நடப்பார்கள். சேர்ந்து நடந்தால் பார்க்கிறவர்கள் ஏதாவது சொல்வார்கள் என்ற கூச்சம், வேறொன்றும் இல்லை. பதினைந்து வருடம் நான் பார்த்தது அவருடைய முதுகைத்தான். சட்டையின் பின்பக்கத்தில் எங்கே தையல் விட்டிருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும்.

2014 தை மாதக் கடைசி. மண்டியில் கணக்கு எழுதுபவர் வீட்டுக் கல்யாணம், கொடைக்கானல் மூஞ்சிக்கல் பக்கம் ஒரு மண்டபத்தில். பொண்ணுக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் அத்தையிடம் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். பந்தி முடிந்து வெளியே வந்தபோது மணி மூன்று. உடனே பஸ் ஏறிவிடலாம் என்றார். நான் ஏரியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்றேன். பட்டுப்புடவை, மேலே ஒரு சால்வை, அவர் பட்டுக்கரை வேட்டி, தலையில் குரங்குக் குல்லா. அப்படியே ஏழு ரோட்டிலிருந்து இறங்கினோம்.

படகுத் துறைப் பக்கம் நல்ல கூட்டம். வாடகை சைக்கிள்கள், குதிரைகள், சுட்ட சோளக்கதிர், மிளகாய் பஜ்ஜி. ஒரு கால் மணி நேரம் நடந்தால் அந்தச் சத்தமெல்லாம் தேய்ந்து, அப்புறம் தைல மரத்து வாசனையும் எப்போதாவது வரும் குதிரையின் குளம்புச் சத்தமும்தான். வழக்கம்போல அவர் முன்னால், நான் பின்னால்.

ஒரு விரலின் நுனிக்குப் போவதற்கு முன்னாலேயே என் செருப்பு வார் அறுந்துவிட்டது. கூப்பிட்டுப் பார்த்தேன், குல்லா போட்ட காதில் விழவில்லை. சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து, வளையலில் கோத்து வைத்திருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றினேன். குளிரில் விரல் விறைத்துப்போய் ஊக்கு வாரில் ஏறவே இல்லை. இரண்டு தடவை கையில் குத்திக்கொண்டேன். ஒருவழியாக மாட்டிவிட்டு நிமிர்ந்தால், எனக்கு நேர் எதிரே, தண்ணீருக்கு அந்தப் பக்கத்தில், அவர் போய்க்கொண்டிருக்கிறார்.

வளைவைச் சுற்றி மறுகரைக்கே போய்விட்டார். நடுவில் கொஞ்சம் தண்ணீர்தான், ஒரு தெரு அகலத்தைவிடச் சற்று அதிகம். பதினைந்து வருடத்தில் அவர் நடப்பதை நான் பக்கவாட்டில் பார்த்தது அன்றைக்குத்தான். அவர் பேசிக்கொண்டு போனார். கையை ஆட்டி ஆட்டி, ஏதோ ஒன்றின் உயரத்தைக் காட்டி, எதையோ தோளில் தூக்கிக் காட்டி, தானே சிரித்துக்கொண்டு. நான் பின்னால் வருகிறேன் என்று நினைத்து என்னிடம்தான் அவ்வளவும் சொல்லிக்கொண்டு போகிறார். அப்படியானால் இத்தனை வருடமும் இப்படித்தான் முன்னால் நடந்துகொண்டே என்னிடம் ஏதேதோ சொல்லியிருக்கிறார், பஸ் சத்தத்திலும் சந்தை இரைச்சலிலும் எனக்கு எதுவும் கேட்கவில்லை.

அப்போதுதான் திரும்பினார். ரோட்டில் ஆள் இல்லை. முதலில் ரோட்டைப் பார்த்தார், அப்புறம் மரத்து இடுக்கில் பார்த்தார், அப்புறம் தண்ணீரைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தபோது அவர் முகம் போன போக்கை நான் இந்தக் கரையிலிருந்து பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்த வழியே ஓட ஆரம்பித்தார். ஓடிக்கொண்டே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "இங்க பாரு", "ஏம்மா", "பாப்பா அம்மா" என்றுதான் அதுவரைக்கும் கூப்பிட்டிருக்கிறார். என் பெயரை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தண்ணீரின் மேலாக அது தெளிவாக வந்தது. நான் கையைத் தூக்கிக் காட்டினேன், குரல் வரவில்லை.

வந்து நின்றவருக்கு மூச்சு வாங்கியது. "சொல்லக்கூடாதா?" என்றார். திட்டவில்லை. செருப்பைக் காட்டினேன். உட்கார்ந்து ஊக்கைச் சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். "என்ன பேசிக்கிட்டுப் போனீங்க?" என்று கேட்டேன். "ஒன்னும் இல்ல" என்றார். முதலிலிருந்து சொல்லுங்கள் என்று பிடிவாதமாகக் கேட்டேன்.

பக்கத்தில் நடந்துகொண்டே சொன்னார். சின்ன வயதில் அவர் அப்பாவோடு ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வெற்றிலைக் கட்டு தூக்கிக்கொண்டு இந்த ஊருக்கு வருவாராம். வியாபாரம் முடிந்தால் அப்பா ஒரு டீயும் ஒரு பன்னும் வாங்கிக் கொடுத்து ஏரிக்கரையில் உட்கார வைப்பாராம். ஏரி நிறைந்து வழிகிற தண்ணீர்தான் வெள்ளி அருவியாக விழுகிறது என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்கே ஏரியில் ஒரு வெற்றிலையை விட்டுவிட்டு, பஸ்ஸில் இறங்கும்போது அருவியில் அது வருகிறதா என்று ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டிப் பார்த்தாராம். எங்கள் மாமா இறந்து அப்போது ஒன்பது வருடம். அவரைப் பற்றி இவர் ஒரு வார்த்தைகூட வீட்டில் பேசியதில்லை. மீதிச் சுற்று முழுவதும் பேசினார். இருட்டிவிட்டது. விளக்கு வெளிச்சம் தண்ணீரில் நீளமாக விழுந்து ஆடிக்கொண்டிருந்தது. கடைசி பஸ்ஸைத்தான் பிடித்தோம்.

"ஏரியைச் சுற்றி நடப்பதில் என்ன இருக்கிறது" என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் இதுதான். "இதை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேச முடியாதா" என்று யாராவது கேட்பீர்கள். முடிந்தவர்கள் பேசுங்கள், சந்தோஷம். மண்டிக்கு விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து போகிற மனிதர், சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கிற நான், நடுவில் பிள்ளை, பெரியவர்கள் என்று எங்களுக்குத் திண்ணை வாய்க்கவில்லை. பாதிச் சுற்று வந்துவிட்டால் திரும்பினாலும் அதே தூரம், முன்னால் போனாலும் அதே தூரம். அதனால் பேச்சும் பாதியில் நிற்காது.

அதிலிருந்து முடிந்த வருடமெல்லாம் போகிறோம். 2018-ல் குறிஞ்சி பூத்த சமயம் ஒரு இரவு தங்கலாம் என்று ஒரு விடுதிக்குப் போனபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து உறுத்துகிறது. என் ஆதாரில் அப்பா பெயரின் முதலெழுத்தும் போடி விலாசமும் இருந்தது, அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்தபோது அங்கேயே எடுத்த அட்டை அது. வரவேற்பில் இருந்த பையன் இரண்டு அட்டைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "கல்யாணம் ஆனதுக்கு ஏதாவது ப்ரூஃப் இருக்கா?" என்றான். பத்தொன்பது வருடக் குடித்தனம். என் வீட்டுக்காரர் போனை எடுத்து, பொண்ணு பள்ளிக்கூடச் சீருடையில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிற படத்தைக் காட்டினார். அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன். நாங்களாவது காட்ட ஒரு படம் வைத்திருந்தோம். இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? வயது வந்த இரண்டு பேர், கல்யாணம் ஆகாவிட்டாலும், ஒரு அறையில் தங்கக்கூடாது என்று நம் நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை. 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே கோயம்புத்தூர் வழக்கு ஒன்றில் இதைச் சொன்னது. அட்டையில் பெயரை மாற்றலாம் என்று போனால் அது இன்னொரு கதை. ரேஷன் கார்டில் ஒரு முதலெழுத்து, வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று, பான் அட்டையில் முதலெழுத்தே விரிந்து அப்பாவின் முழுப்பெயராக நிற்கும். ஒரு அலுவலகத்தில் கேட்கிற தாளை அடுத்த அலுவலகம் ஏற்காது. கல்யாணம் ஆன ஆணுக்கு ஒரு எழுத்துகூட மாறுவதில்லை, பெண்தான் ஜெராக்ஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனாலும் உங்கள் மனைவியின் அட்டையையும் உங்கள் அட்டையையும் கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் போவதற்குத் தேவையானது. சொந்த வண்டியிலோ வாடகைக் காரிலோ போனால் இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே 7-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அரசு பஸ்ஸில் போனால் தேவையில்லை. தண்ணீருக்கு வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில் கையில் இருந்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம், ஏரிச் சாலையில் வண்டிகள் நகராது, சேர்ந்து நடக்க இடமும் இருக்காது. தை, மாசியில் வார நாளாகப் பார்த்துப் போங்கள். குளிர் கடுமையாக இருக்கும், காதை மூடிக்கொள்ளுங்கள், ஆனால் குல்லா இருவருக்கும் பேச்சு கேட்கிற மாதிரி இருக்கட்டும். நான்கு மணிக்கு ஆரம்பித்தால் வெளிச்சம் இருக்கும்போதே முக்கால்வாசி முடித்துவிடலாம். சாயங்காலத்தில் காட்டு மாடுகள் ஊருக்குள்ளேயே வரும், ஏரி ரோட்டிலும் நிற்கும். கண்டால் சத்தம் போடாமல் தூரத்திலேயே நின்றுவிடுங்கள், அது போன பிறகு போகலாம். செல்ஃபி எடுக்கப் பக்கத்தில் போக வேண்டாம். பெண்கள் கிளம்பும் முன்பே கழிப்பறைக்குப் போய்விடுவது நல்லது, படகுத் துறையை விட்டுத் தள்ளிப் போய்விட்டால் வசதி குறைவு.

போன வருடம் எனக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. டாக்டர் அதிகம் நடக்கக்கூடாது என்கிறார். இந்தத் தை மாதம் போகலாமா என்று இவரிடம் கேட்டேன். முழுச் சுற்று வேண்டாம், ஒரு விரல் மட்டும் நடக்கலாம், ஆட்டோவை அந்த வளைவுக்கு வரச் சொல்லிவிடலாம் என்றார். எந்த வளைவு என்று நான் கேட்கவில்லை. ஊக்கு இரண்டு கூடுதலாகக் கோத்து வைத்திருக்கிறேன்.