உப்பில்லாத தண்ணீரும் குடுவைச் செடியும்

அன்புள்ள ஐயா,

கீழக்கரையில் கடலிலிருந்து ஒரு தெரு தள்ளி எங்கள் வீடு. பூச்சி பிடிக்கும் குடுவைச் செடி ஒன்றை ஆறு மாதங்களுக்கு முன் வாங்கினேன். அப்போது ஏழு குடுவைகள் தொங்கின; இப்போது ஒன்றுகூட இல்லை. இலை நுனிகளும் கருகுகின்றன. ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் ஊற்றுகிறேன். பசியோ என்று எண்ணி மண்புழு உரம் இட்டேன். குடுவைகளுக்குள் இறால் துண்டுகளும் போட்டுப் பார்த்தேன். நம் ஊர் வெப்பத்தில் இது வளராது என்று விட்டுவிடலாமா?

ர., கீழக்கரை

அன்புள்ள ர. அவர்களுக்கு,

விட்டுவிட வேண்டாம். உங்கள் செடியை வாட்டுவது பசியோ வெப்பமோ அன்று, உப்பு. நெப்பந்தஸ் என்னும் இந்த இனத்தில் இந்தியாவுக்கே உரியது மேகாலயாவின் காசி, காரோ, ஜெயின்டியா மலைகளில் வளரும் ஒன்றுதான். நமக்கு நேர் அக்கரையான இலங்கையின் தென்மேற்கு மழைக்காடுகளில் இன்னொன்று உண்டு. ஓயாத மழை மண்ணின் சத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும் அவ்விடங்களில், வேருக்குக் கிடைக்காத தழைச்சத்தை இலை நுனியில் குடுவை கட்டிப் பூச்சிகளிடமிருந்து பெற இச்செடி பழகியிருக்கிறது. அப்படிப்பட்ட வேருக்கு உவர்நீரும் உரமும் தாங்காது.

நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று பிரித்தே பேசிப் பழகியவர்கள் நாம். ஊருணி வெட்டி மழையைத் தேக்கியவர்கள். அந்தக் கவனத்தை இந்தச் செடிக்கும் கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில், கடற்காற்று மாடியில் படியவைத்த உப்பு கழுவிப் போகும்படி முதல் இரண்டு மழையை ஓடவிட்டு, அதன்பின் வரும் நீரை ஒரு பிளாஸ்டிக் பீப்பாயில் பிடித்து, கொசு புகாதபடி துணியால் கட்டி மூடிவையுங்கள். நாளைக்கு அரை லிட்டர் என்றால் ஆண்டுக்கு 183 லிட்டர். 200 லிட்டர் பீப்பாய் ஒன்று போதும். அதுவரை கேன் தண்ணீரைப் பயன்படுத்தலாம், ஆனால் நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் அளந்து 50-க்குக் கீழ் இருந்தால் மட்டுமே. மண்சட்டியும் வேண்டாம், அதன் சுவரில் உப்பு ஊறித் தங்கி, வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

என் முதல் செடி தென்னை நார்க்கழிவால் செத்தது. மழைநீர்தான் ஊற்றினேன், ஆயினும் நார்க்கழிவிலேயே உப்பு இருக்கும் என்பதை அறியாமல், கழுவாமல் நட்டுவிட்டேன். அந்த இழப்பு இன்றும் மனத்தை உறுத்துகிறது. ஆகவே இப்போதுள்ள மண்ணையும் உரத்தையும் முழுவதும் நீக்கி, வேர்களை மழைநீரில் மெல்ல அலசி, ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஸ்பேக்னம் பாசியும், பெர்லைட் என்னும் எடையற்ற வெள்ளைப் பொரிகல்லும் சம அளவு கலந்த கலவையில் நடுங்கள். வேர்கள் கருப்பாகவும் மயிர்போல மெல்லியதாகவும் இருக்கும். அது இயல்பான நிறம், அழுகல் என்று வெட்டிவிடாதீர்கள். கலவை எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் தொட்டியின் அடியில் நீர் தேங்கக் கூடாது.

இறால் இனி வேண்டாம். அது செரிப்பதற்கு முன் அழுகிக் குடுவையையே கெடுக்கும். தேன்சுரப்பை நாடி வரும் எறும்புகளே போதும். அவையும் வராவிட்டால் செடி மெதுவாக வளருமே தவிரச் சாகாது.

நம் கடற்கரையின் ஈரக்காற்று உண்மையில் இச்செடிக்குப் பெரும் உதவி. இலை நுனியில் தோன்றும் மொட்டு குடுவையாகத் திறக்கக் காற்றில் ஈரம் வேண்டும்; உள்நாட்டு ஊர்களில் அதற்காகப் படாதபாடு படுகிறார்கள். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மட்டும் அந்தச் சூடான காற்று நேரே படாதபடி, காலை வெயில் பத்து மணிவரை கிடைக்கும் கிழக்குத் தாழ்வாரத்தில் வையுங்கள். வாடைக்காற்றில் உப்புத் திவலை படிந்தால் இலைகளை மழைநீரால் கழுவிவிடுங்கள்.

கருகிய இலை நுனிகள் திரும்ப ஒருபோதும் குடுவை கட்டா, ஆனால் பசுமை உள்ளவரை அவற்றை வெட்ட வேண்டாம். புதிய கலவையில் நட்டபின் வரும் இலைகளைக் கவனியுங்கள். முதல் இரண்டு இலைகளில் குடுவை வராவிட்டாலும் கலங்காமல், உப்பில்லாத நீரையே தொடர்ந்து ஊற்றுங்கள். மூன்றாவது இலை விரிந்த பிறகு அதன் நுனி எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.