பழைய லாரி பாடிக்கு ரிவிட் அடிப்பது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்க அப்பாரு வாங்கின டாடா மெர்சிடிஸ் லாரிங்க. பாடி முழுக்க ஆதியில இருந்த மாதிரியே ரிவிட் அடிக்கோணும். எங்கிருந்து தொடங்கறதுங்க? (சங்ககிரி)

ரிவிட் (தகடுகளைத் துளையில் கோத்து, முனையை அடித்துத் தலையாக்கிப் பிணைக்கும் ஆணி) வாங்க அவசரப்படாதீர்கள். டெய்ம்லர்-பென்ஸ் கூட்டில் 1954 முதல் 1969 வரை டாடா தயாரித்த அந்த லாரிகள் பெரும்பாலும் சேஸும் (அடிச்சட்டம்) முன்முகமுமாகத்தான் வெளியே வந்தன. பாடி கட்டியது உள்ளூர்ப் பட்டறை. ஆகவே சேஸில் இருப்பது கம்பெனி ரிவிட், மேலே இருப்பது பட்டறைக்காரர் கைவேலை. ஆதியில் போல்ட் இருந்த இடத்தில் இப்போது ரிவிட் அடித்தால் அது மீட்பு வேலை ஆகாது, புதுக்கற்பனை.

பெயின்ட்டை மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். ரிவிட் கழன்று விழுந்த இடத்திலும் தலை உட்கார்ந்த வட்டம் துருவில் பதிந்திருக்கும். நம் ஊர் உருண்டைத்தலை ரிவிட்டில் தலையின் விட்டம் தண்டைப் (ஓட்டைக்குள் போகும் கம்பிப் பகுதி) போல சுமார் 1.6 முதல் 1.75 மடங்கு. வட்டம் 16 முதல் 17.5 மி.மீ. என்றால் அங்கே இருந்தது பெரும்பாலும் 10 மி.மீ. ரிவிட். ஒவ்வொரு வட்டத்தையும் படமெடுத்து, அளவைச் சாக்பீஸால் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். பழைய அமெரிக்க பிக்கப் என்றால் எல்லாம் அங்குலக் கணக்கு. கால் அங்குலம் 6.35 மி.மீ.; அந்த ஓட்டையில் 6 மி.மீ. ரிவிட் தளதளவென்று ஆடும்.

கேள்வி: பழைய ரிவிட்டை கேஸ் கட்டரில் ஊதி எடுக்கலாமா? (பெருந்துறை)

வேண்டாம். தீ பட்ட சேஸ் இரும்பு பலம் குறையும், ஓட்டையும் கோணிவிடும். கிரைண்டரில் தலையைச் சீவி, நடுவில் பஞ்ச் குத்தி, தண்டைவிட ஒன்றிரண்டு மி.மீ. சின்ன பிட்டால் துளைத்து, பிறகு தட்டி வெளியே தள்ளுங்கள். ஓட்டை ஏற்கெனவே நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் இரண்டு தகட்டையும் சேர்த்துப் பிடித்து ரீமர் (ஓட்டையைச் சீராகப் பெரிதாக்கும் கருவி) போட்டு, அடுத்த அளவு ரிவிட்டுக்குப் போங்கள். ஓட்டை விளிம்பில் நிற்கும் பிசிறை எடுக்காமல் விட்டால் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டி உட்காராது. ரிவிட் வேலையில் பாதிக்கு மேல் இந்த ஓட்டை வேலைதான்.

கேள்வி: தண்டு நீளம் எப்படிக் கணக்கிடுவது? (திருச்செங்கோடு)

தகடுகளின் மொத்தக் கனத்தோடு தண்டு விட்டத்தில் ஒன்றரை மடங்கைக் கூட்டுங்கள். 3 மி.மீ. தகடும் 5 மி.மீ. சேனலும் சேர்ந்தால் 8. ரிவிட் 8 மி.மீ. என்றால் அதன் ஒன்றரை மடங்கு 12. ஆக 20 மி.மீ. இது உருண்டைத்தலைக்கு. ஓட்டை கொஞ்சம் தாராளமாக இருந்தால் அதை நிரப்பவும் இரும்பு வேண்டும், ஆகவே துளி கூடுதலாக எடுங்கள். நீளம் குறைந்தால் தலை முழுதாக உருவாகாது, ஸ்நாப் (தலையை உருண்டையாக்கும் குழிமுனைக் கருவி) தகட்டையே கடிக்கும். மிஞ்சினால் தலையைச் சுற்றிப் பாவாடை மாதிரி பிதுங்கும். வண்டியில் அடிக்கும் முன் அதே கனமுள்ள துண்டுத் தகட்டில் ஒன்று அடித்து, நடுவே ரம்பத்தால் அறுத்துப் பாருங்கள். தண்டுக்கும் ஓட்டைச் சுவருக்கும் நடுவே கோடு தெரிந்தால் ஓட்டை நிரம்பவில்லை.

கேள்வி: மெஷின் இல்லைங்க, கொல்லுப்பட்டறை உலைதான் இருக்குது. காய்ச்சி அடிக்கலாமா, பச்சையாவே அடிக்கலாமா? (தாராபுரம்)

6 மி.மீ. வரை பச்சையாகவே, அதாவது காய்ச்சாமலே, கைச்சுத்தியில் அடையும். 8, 10 மி.மீ. அளவுகளைக் கம்பெனியில் அழுத்த மெஷின் வைத்துப் பச்சையாகவே அடைப்பார்கள். உங்கள் கையில் உலைதான் இருக்கிறது என்றால் காய்ச்சுங்கள். நல்ல ஆரஞ்சுச் சிவப்பு வந்ததும் எடுத்து ஓட்டையில் போட்டு, பின்னாலிருந்து ஒருவர் கனமான டாலியை (அடியைத் தாங்கும் இரும்புக் கட்டை) தலைக்கு அழுத்திப் பிடிக்க, நாலைந்து பலத்த அடியில் முடிக்க வேண்டும். தண்டு ஆறும்போது சுருங்கித் தகடுகளை இறுக்கும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சிவப்பு போன பிறகு தட்டிக்கொண்டே இருக்காதீர்கள். நீலம் பாரிக்கும் சூட்டில் அடி வாங்கிய இரும்பு மொறுமொறுப்பாகி, பிறகு தலை தெறிக்கும். கண்ணாடியும் தோல் கையுறையும் இரண்டு பேருக்கும் கட்டாயம்.

கேள்வி: பஸ் பாடியில் அடிக்கும் பாப் ரிவிட் போதாதா? (கரூர்)

தகடு மூட மட்டும் போதும். பாப் ரிவிட் ஒரே பக்கமிருந்து கருவியால் இழுத்து இறுக்குவது, உள்ளே வெறும் குழல். பாரம் தாங்கும் மூட்டுக்கு ஆகாது. அதிலும் அலுமினிய ரிவிட்டை இரும்பில் அடித்து மழையில் விட்டால் அலுமினியம் அரித்துப்போகும்.

கேள்வி: போல்ட் போட்டு, தலையில் பட்டி அடைத்து ரிவிட் மாதிரி காட்டலாமா? (பொள்ளாச்சி)

சேஸ் மூட்டில் ரிவிட் அடிக்க வழியே இல்லை என்றால், ரீமர் போட்ட ஓட்டையில் இறுக்கமாக நுழையும் 8.8 அல்லது 10.9 தர (பலத்தைக் குறிக்கும் எண்) போல்ட் போடுவது சரியான வேலை. அது போல்ட்டாகவே தெரியட்டும். பட்டி அடைத்து மறைப்பதை நான் ஒப்பமாட்டேன். நாளைக்கு வாங்குகிறவர் அதை ரிவிட் என்று நம்பி, தளர்ந்திருக்கிறதா என்று பார்க்காமலே விடுவார். இன்னொன்று: 2021-ல் வந்த மத்திய விதிப்படி 50 ஆண்டு தாண்டி, பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்கும் இரு, நான்கு சக்கர வண்டிகளுக்கு விண்டேஜ் பதிவு உண்டு, முதல் பதிவுக் கட்டணம் ₹20,000. ஜீப், பிக்கப் வைத்திருப்பவர்கள் அசல் மூட்டுகளைக் கலைக்கும் முன் இதை மனதில் வையுங்கள். இந்தப் பதிவு உள்ள வண்டியை வாடகைக்கு ஓட்ட முடியாது.

கேள்வி: அடித்தது சரியா என்று எப்படித் தெரியும்? பெயின்ட் எப்போது? (கோபி)

தலையின் ஒரு பக்கத்தில் விரலை வைத்து, எதிர்ப்பக்கம் சின்னச் சுத்தியால் தட்டுங்கள். விரலில் அதிர்வு துள்ளினால் தளர்வு. அதை வெட்டி எடுத்துவிட்டு வேறு அடியுங்கள், மேலும் அடித்து இறுக்கப் பார்க்க வேண்டாம். ஓடிய வண்டியில் தலையைச் சுற்றிச் செம்பழுப்புக் கோடு வழிந்திருந்தாலும் தளர்வுதான். பெயின்ட்டைப் பொறுத்தவரை, தகடுகள் ஒட்டும் உள்முகத்துக்கு ஜிங்க் பிரைமரை ரிவிட் அடிக்கும் முன்பே பூசிக் காயவிடுங்கள், பிறகு அங்கே பிரஷ் போகாது. காய்ச்சி அடித்தால் ஓட்டையைச் சுற்றிக் கருகியதைச் சுரண்டி, வெளியே மறுபடி பிரைமர் தொட்டு, அதன்மேல் மேல்பூச்சு.