கைவேலைக் கேள்வி பதில்: பல இழை சேர்ந்த சால்வை

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், இரண்டு மூன்று நூல்களைச் சேர்த்துப் பிடித்து குரோஷாவில் சால்வை பின்னுவதைப் பற்றியே கேட்கின்றன. தையல் ஆசிரியையாக இருந்த நாளிலிருந்து எனக்குப் பிடித்த வேலை அது. மற்ற கேள்விகள் அடுத்த இதழில்.

எங்கள் வீட்டில் கைத்தறி ஓடுகிறது. லுங்கிக்கு வாங்கிய 2/40 பருத்தி நூல் பல கோன்களில் கொஞ்சம் கொஞ்சமாக மீந்திருக்கிறது. இதில் சால்வை பின்ன முடியுமா? கடையில் விற்கும் தடித்த உல்லன் நூல்தான் வேண்டுமா?
— குடியாத்தம் வாசகி

தாராளமாக முடியும். உல்லன் வாங்கவே வேண்டாம். நம் ஊர் வெயிலுக்குக் கம்பளிச் சால்வை மார்கழி, தை மாத விடியற்காலைகளைத் தவிர மற்ற நாளெல்லாம் பெட்டியில்தான் கிடக்கும். பருத்திச் சால்வையை ஏலகிரிக்கும் கொண்டுபோகலாம், ஏசி ரயில் பெட்டியிலும் போர்த்திக்கொள்ளலாம்.

உங்கள் கேள்வி உண்மையில் எத்தனை இழை என்பதுதான். அதற்கு நூல் நம்பரே பதில் சொல்லும். 40-ஆம் நம்பர் என்றால் 840 கெஜ நீள நூல்கட்டுகள் (கழிகள்) நாற்பது சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. 2/40 என்பது அப்படிப்பட்ட இரண்டு இழைகளை முறுக்கியது. ஆகவே பவுண்டுக்கு இருபது கழிகள்தான். மீட்டரில் சொன்னால் 1 கிராமுக்கு ஏறத்தாழ 34 மீட்டர். எட்டு இழைகளைச் சேர்த்துப் பிடித்தால் 100 கிராமுக்குச் சுமார் 420 மீட்டர் வரும். மெல்லிய சால்வைக்கென்று கடைகளில் விலை கொடுத்து வாங்கும் நூலும் 100 கிராமுக்கு 400 மீட்டர் அளவுதான். அதே தடிமன் உங்கள் வீட்டு மூலையில் கிடக்கிறது! 3.5 மில்லிமீட்டர் ஊசி எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டியாகப் பின்னும் கையாக இருந்தால் 4. பருத்திக்கு உல்லனைப் போல இழுபடும் குணம் இல்லை. இறுக்கிப் பின்னினால் சால்வை பலகையாக நிற்கும், தோளில் படியாது.

எட்டு இழைகளையும் முன்கூட்டியே முறுக்கி ஒரே நூலாக்க வேண்டியதில்லை. கோன்களைத் தரையில் வரிசையாக நிறுத்தி, நூல்களை நேர் மேலே இழுத்து ஒரு வளையத்தின் வழியாக விட்டு, அங்கிருந்து கைக்குக் கொண்டுவாருங்கள். கோன் நூல் மேல்நோக்கித்தான் தடையின்றிக் கழலும். கோன்கள் எட்டுக்குக் குறைவாக இருந்தால், வீட்டு ராட்டையிலேயே சிறு சிறு உருண்டைகளாகப் பிரித்துச் சுற்றிக்கொள்ளலாம்.

பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைக்கு, கஞ்சி போட்ட நூல் என்றால் பின்னும்போது விறைப்பாகத்தான் இருக்கும். துவைத்ததும் இளகிவிடும். சிவப்பு, கருநீலம் போன்ற நிறங்களை மட்டும் முதலில் சோதியுங்கள்: நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் அந்த நூலை வெள்ளையோடு சேர்க்காதீர்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று பலர் எழுதுகிறீர்கள். உப்பு அந்த வேலையைச் செய்யாது.

எவ்வளவு நூல் தேவைப்படும் என்பதற்கு ஒரு மாதிரித் துண்டு பின்னுங்கள், 15 சென்டிமீட்டர் சதுரமாக. துவைத்து, காயவைத்து, சமையலறை எலக்ட்ரானிக் தராசில் நிறுங்கள். 60-க்கு 160 சென்டிமீட்டர் சால்வை அந்தத் துண்டைப் போல ஏறக்குறைய 43 மடங்கு. துண்டு 6 கிராம் என்றால் சால்வைக்கு 260 கிராம். ஓரம் பின்னவும் சேர்த்து 300 கிராம் எடுத்து வையுங்கள். துவைக்காமல் அளந்தால் கணக்குத் தவறும், பருத்தி சுருங்கும்.

மூன்று உல்லன் உருண்டைகளைச் சேர்த்துப் பின்னுகிறேன். நான்கு வரிசை போவதற்குள் ஒரு இழை தொங்குகிறது, ஒன்று இறுகுகிறது, எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கிறது.
— காட்பாடி வாசகி

மூன்று உருண்டைகளையும் ஒரே பையில் போட்டிருப்பீர்கள். தனித்தனிப் பாத்திரத்தில் வையுங்கள். மூன்று சொம்பு போதும். கையில் ஒரே நூல், தரையில் மூன்று நூல். அந்த இரண்டையும் கலக்கக் கூடாது. இரண்டு மூன்று வரிசைக்கு ஒருமுறை, ஊசியில் இருக்கும் கண்ணிக்கு அருகிலிருந்து ஒரு கை நீளத்துக்கு இழைகளை விரலால் நீவிவிட்டால் தொங்கும் இழை சமனாகும்.

ஊசியையும் பாருங்கள். உருண்டையின் தாளில் 4 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தால் அது ஓர் இழைக்கு. மூன்று இழை சேர்ந்தால் தடிமன் மூன்று மடங்காகாது, 1.7 மடங்குதான், ஆகவே 7 மில்லிமீட்டர் ஊசி வேண்டும். இரண்டு இழைக்கு 1.4 மடங்கு, அதாவது 5.5 அல்லது 6. சிறிய ஊசியின் கொக்கிக்குள் மூன்று இழையும் அடங்காமல் ஒன்று வெளியே நழுவும். நீங்கள் சொல்லும் தொங்கல் பாதி அதனால்தான். ஒவ்வொரு வரிசை முடிவிலும் திருப்பிப் பார்த்து, இழை விட்டுப்போயிருந்தால் அங்கேயே பிரித்துவிடுங்கள். பிரிக்கும்போது மூன்றையும் ஒன்றாகச் சுருட்டாமல் தனித்தனியாகச் சுற்றுங்கள்.

ஓர் உருண்டை தீர்ந்தால் புது நூலை 15 சென்டிமீட்டர் பழையதோடு சேர்த்துப் பிடித்து அப்படியே பின்னிச் செல்லலாம், முடிச்சு வேண்டாம். இரண்டு இழைகள் ஒரே இடத்தில் முடிய விடாதீர்கள், அந்த இடம் தடித்துத் தெரியும்.

அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அந்த அறையின் ஏசியில் மிகவும் குளிர்கிறது என்கிறார். அவருக்கு என்ன சால்வை பின்னலாம்?
— சத்துவாச்சாரி வாசகி

உங்கள் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன், அம்மாவை நினைத்துக்கொண்டே பதில் எழுதுகிறேன். சுத்திகரிப்பின்போது இரத்தம் உடலுக்கு வெளியே சுற்றிவருவதால் சற்றுக் குளிர்ந்து திரும்பும். ஏசியும் சேர்ந்தால் நடுக்கம் வரத்தான் செய்யும்.

மெல்லிய பருத்தி ஓர் இழை, மென்மையான அக்ரிலிக் ஓர் இழை, இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். அக்ரிலிக் எடையில்லாமல் வெதுவெதுப்பு தரும். பருத்தி வியர்வையை உறிஞ்சும். அடிக்கடி துவைக்க வேண்டிய சால்வை என்பதால் கம்பளி வேண்டாம், பஞ்சு பறக்கும் நூலும் வேண்டாம். பருத்தியைப் பின்னுவதற்கு முன்பே ஒருமுறை அலசிக் காயவைத்துவிடுங்கள்.

தலைவழியாகப் போடும் மாதிரி பின்னாதீர்கள். நீள்சதுரமாக, முன்பக்கம் திறந்தே இருக்கட்டும். ஊசி ஏற்றிய கை மூடப்படாமல் எந்நேரமும் செவிலியரின் கண்ணில் பட வேண்டும். அந்தப் பக்கத்தைத் தோளோடு மடித்துவிட்டு, மறு தோளையும் மடியையும் மூடும் அளவுக்கு நீளம் வையுங்கள். ஓரத்தில் குஞ்சம் கட்ட வேண்டாம். பெரிய ஓட்டை விழும் டிசைனும் வேண்டாம், குழாயோ விரலோ சிக்கும். நெருக்கமான பின்னல், நேரான ஓரம். இஸ்திரி போடவே கூடாது. சூட்டில் அக்ரிலிக் தளர்ந்து தொங்கிவிடும். இரண்டு சால்வைகளாகப் பின்னிவிட்டால் ஒன்று துவைக்கப் போகும் நாளில் மற்றது கைக்கு இருக்கும்.

பட்டு நூல் கொஞ்சம் மீதி இருக்கிறது. அதைப் பருத்தியோடு சேர்த்துப் பின்னலாமா? மூன்று இழையில் நிறம் மெல்ல மாறும்படி செய்வது எப்படி?
— ஆரணி வாசகி

1989-இல் வட ஆற்காடு பிரிந்தபோது ஆரணி திருவண்ணாமலையோடு போனது. எனக்கு நீங்கள் இன்னும் நம் மாவட்டம்தான். பட்டு ஓர் இழை, பருத்தி இரண்டு இழை என்று சேருங்கள். பட்டு வழுக்கும், பருத்தி அதைப் பிடித்துக்கொள்ளும். சரிகை மட்டும் வேண்டாம், கழுத்தை உறுத்தும்.

நிறத்துக்கு: முதலில் மூன்று இழையும் மாம்பழ மஞ்சள். கால் பங்கு முடிந்ததும் ஓர் இழையை மட்டும் அரக்காக மாற்றுங்கள். அரைப் பங்கில் இன்னொன்று, முக்கால் பங்கில் கடைசி இழை. மாறும் இடம் கண்ணுக்குத் தெரியாது. பட்டு கலந்திருப்பதால் குளிர்ந்த நீரில் அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, பாயில் விரித்து நிழலில் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் பாரத்தில் நீண்டுவிடும்.