மகளின் குடியுரிமைக்குத் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டுமா?

கேள்வி: நானும் மனைவியும் எச்-1பி வேலை விசாவில் அமெரிக்காவில், நியூஜெர்சியில் இருக்கிறோம். மகள் 2019-இல் இங்கேதான் பிறந்தாள். பிறப்பால் வரும் குடியுரிமையை நிறுத்த அரசியல் சட்டத்தையே திருத்தப் போகிறார்களாம். அதற்குமுன் அவளுக்குக் குடியுரிமைச் சான்றிதழ் எடுத்துவிடலாம், 1,800 டாலர் ஆகும் என்கிறார் ஓர் ஏஜென்ட். கொடுக்கலாமா?

பதில்: ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். அந்தச் சான்றிதழ் வெளிநாட்டில் பிறந்து, பெற்றோர் வழியாகக் குடியுரிமை பெற்றவர்களுக்கானது. அங்கேயே பிறந்த உங்கள் மகளுக்கு அதைத் தரமாட்டார்கள். கட்டிய கட்டணமும் திரும்பாது.

திருத்தம் என்பது லேசில் நடக்கிற காரியமில்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு, அப்புறம் 50 மாநிலங்களில் 38-இன் ஒப்புதல் வேண்டும். ஆண் பெண் சம உரிமைத் திருத்தமே 1972-இல் காங்கிரஸைத் தாண்டியும் கெடுவுக்குள் 38-ஐ எட்டவில்லை. 2025 ஜனவரியில் பிறப்பால் வரும் குடியுரிமையைக் கட்டுப்படுத்த அதிபர் டிரம்ப் போட்ட ஆணை வேறு விஷயம். நீதிமன்றங்களில் மாட்டிக்கொண்ட அதுகூட, 30 நாள் கழித்துப் பிறக்கும் குழந்தைகளைப் பற்றித்தான் பேசியது.

அங்கே பிறந்தால் குடியுரிமை என்பதற்கு விலக்கு என்றால் தூதர்களின் பிள்ளைகள். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் ஏஜென்ட்கள் இதைக் காட்டித்தான் பயமுறுத்துகிறார்கள். தூதரகத்தில் வேலை பார்த்த எல்லோரும் இதில் வரமாட்டார்கள். குழந்தை பிறந்த நாளில் பெற்றோருக்கு முழுத் தூதர் பாதுகாப்பு இருந்திருக்க வேண்டும். துணைத் தூதரக ஊழியர்களின் பிள்ளைகள்கூடப் பொதுவாகக் குடிமக்களே. உங்கள் ஐடி கம்பெனி எவ்வளவு பெரியதானாலும் சரி, உங்களைத் தூதர் ஆக்காது!

இன்னொன்று. 'நோட்டரி' என்று போர்டு மாட்டியவரை நம்மவர்கள் வக்கீல் என்று நினைத்துவிடுகிறார்கள். இந்தியாவில் நோட்டரி என்றால் வக்கீல்தான். அமெரிக்காவிலோ கையெழுத்துக்குச் சாட்சி வைப்பதோடு அவர் வேலை முடிந்தது. குடியேற்ற ஆலோசனை சொல்ல அவருக்கு உரிமையே கிடையாது.

உங்களுக்கு வேண்டியவை இரண்டுதான். ஒன்று, பதிவாளர் முத்திரையிட்ட பிறப்புச் சான்றிதழ். குட்டிப் பாதச்சுவடு பதித்து ஆஸ்பத்திரியில் தருவது ஞாபகார்த்தம் மட்டுமே, செல்லாது. இன்னொன்று பாஸ்போர்ட். சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான். கைக்குழந்தையாக எடுத்தது காலாவதியாகியிருக்கும். அதைத் தபாலில் புதுப்பிக்க முடியாது, குழந்தையோடு அப்பா அம்மா இருவரும் மறுபடி நேரில் நிற்க வேண்டும்; ஒருவர் வர முடியாவிட்டால் நோட்டரி முன் கையெழுத்திட்ட சம்மதத்தை மற்றவர் கொண்டுபோக வேண்டும். கிரீன் கார்டு வரிசையில் வருடக்கணக்காக நிறுத்தி வைத்தது போதாதென்று இதற்கும் ஒரு வரிசை! வேறு வழியில்லை, போய் நின்றுவிடுங்கள்.

அசல் பிறப்புச் சான்றிதழை அந்த ஏஜென்டிடம் கொடுத்திருந்தால், இன்றைக்கே போய்த் திரும்ப வாங்கிவிடுங்கள்.