மூணாவது ஸ்கேன்ல பீக் காணோம்! தண்ணில கலந்திருக்கற ஃபீனால்ங்கற மாசை அளக்கற சென்சார் பத்தி கேள்வி-பதில்

கே: பாலிஇமைடு பிளாஸ்டிக் ஷீட்ல லேசரால கிராஃபீன் (ஒரு வகை கார்பன்) எலக்ட்ரோடு போட்டேன். வோல்டேஜை ஏத்திக்கிட்டே கரண்டை அளந்த முதல் ஸ்கேன்ல ஃபீனால் பீக் (கரண்ட் மேடு) சூப்பர், மூணாவதுல பாதிகூட இல்ல. லேசர் செட்டிங் தப்பா?

ப: லேசர் மேல பழி போடாதீங்க. ஃபீனால் ஆக்சிடைஸ் ஆகும்போதே ரேடிக்கல் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு பாலிமரா எலக்ட்ரோடு மேல படிஞ்சிடும், அது கரண்ட் கடத்தாத படலம், அப்புறம் பீக் எங்கேருந்து வரும்? ஒரு ஸ்ட்ரிப், ஒரு அளவு, தூக்கிப் போடுங்க. அலுமினா பொடி போட்டுத் தேய்க்கலாமான்னு அடுத்து கேப்பீங்க, தேய்ச்சா கிராஃபீன் உரிஞ்சு கையோட வந்துடும்.

கே: ஃபீனால் வகையைச் சேர்ந்த கேட்டகாலும் ஹைட்ரோகுவினோனும் ஒரே பீக்கா வருது.

ப: கரைசலோட பிஹெச் (அமில-காரத் தன்மை) நீங்க எழுதல. எத்தன வாட்டி சொல்றது? வெறும் கார்பன்ல ரெண்டும் ஒட்டிக்கிட்டுதான் வரும். மேல நானோ பூச்சு குடுத்து 100 மில்லிவோல்ட் பிரிஞ்சா போதும், டிபிவி (பக்கத்துப் பக்கத்து பீக்கைப் பிரிச்சுக் காட்டற பல்ஸ் ஸ்கேன் முறை) பாத்துக்கும்.

கே: என் சென்சார் எல்ஓடி (கண்டுபிடிக்கக்கூடிய குறைஞ்ச அளவு) 0.5 மைக்ரோமோலார். குடிதண்ணிக்குப் போதும்தானே?

ப: யார் சொன்னா? கால்குலேட்டரை எடுங்க. ஃபீனாலோட மோலார் நிறை 94, அப்ப 1 மைக்ரோமோலார்னா கிட்டத்தட்ட 100 பிபிபி (நூறு கோடியில 100 பங்கு), உங்களுது 50. இந்தியக் குடிநீர் தரமான ஐஎஸ் 10500 ஃபீனாலுக்குச் சொல்ற வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம், அதாவது 1 பிபிபி. அம்பது மடங்கு தள்ளி நின்னுக்கிட்டு குடிநீருக்கு ஏத்ததுன்னு பேப்பர் எழுதறாங்க, ரிவ்யூ பண்றவங்களும் விட்டுடறாங்க, எனக்கு வயிறு எரியுது. அதுலயும் உங்க அட்டவணைல இருக்கிற குறைஞ்ச ஸ்டாண்டர்டே (அளவு தெரிஞ்ச கரைசல்) 5 மைக்ரோமோலார், 0.5ங்கறது மூணு சிக்மாவை (சிக்னல் ஏற்ற இறக்கத்தோட மூணு மடங்கு) அளவுக்கோட்டோட ஸ்லோப்பால வகுத்து வந்த கணக்கு, அந்தக் கரைசலை நீங்க ஒரு தடவைகூட அளந்ததில்ல. முதல்ல கரைச்சு அளங்க. ஆனா ஒண்ணு, ஆலைக் கழிவை ஆத்துல விடறதுக்கு வரம்பு லிட்டருக்கு 1 மில்லிகிராம், சுமார் 10 மைக்ரோமோலார், அங்க உங்க சென்சார் தாராளமா போதும். அதைப் பெருமையா எழுதுங்களேன்.

கே: 1000 தடவை மடக்கியும் சிக்னல் மாறல. வாட்டர் டெஸ்டுக்கு ரெடியா?

ப: காஞ்ச ஷீட்டை மடக்கினீங்களா, நனைஞ்சதையா? ராத்திரி முழுக்க தண்ணில ஊறவெச்சுட்டு மடக்கிப் பாருங்க, பிரிண்ட் பண்ண மை உரியறது அப்பதான் தெரியும்.

கே: குழாத் தண்ணில ஃபீனால் கலந்தா பாதிதான் காட்டுது.

ப: குளோரின் இருக்கான்னு பாத்தீங்களா? உங்க ஃபீனால் குளோரோஃபீனாலா மாறியிருக்கும்.

கே: பஃபர்ல (பிஹெச் மாறாம வெச்சிருக்கற கரைசல்) சரியா இருக்கற பீக் ஏரித் தண்ணில நகருது, ஏன்?

ப: வோல்டேஜை ஒப்பிட்டு அளக்க வெச்சிருக்கறது பிரிண்ட் பண்ண சில்வர் குளோரைடு ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடுதானே? குளோரைடு 10 மடங்கு மாறினா 60 மில்லிவோல்ட் நகரும், பிஹெச் ஒண்ணு மாறினா இன்னொரு 60. சாம்பிள்லயே பஃபரும் பொட்டாசியம் குளோரைடும் சேத்துடுங்க. பிஹெச் இந்தக் கடுதாசிலயும் இல்ல.